மலைக்குள் ஒரு தனி வீடு – விருந்தாளிக்கு ஓய்வு, வீட்டாருக்கு என்ன?



கண்டியைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் நாம் குடும்பங்களைச் சந்திக்கும்போது, அண்மைக் காலமாக ஒரே கேள்வி பல வாய்களிலிருந்து வருகிறது. “எங்கள் காணியிலிருந்து பார்த்தால் மலை தெரிகிறது, ஆறு தெரிகிறது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்க்கத்தான் ஆசைப்படுகிறார்கள். ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டால் என்ன?” இன்னும் சிலர் வேறுவிதமாகக் கேட்கிறார்கள். “காணியை நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். விடுமுறை வீடு கட்டப் போகிறார்களாம். கொடுத்துவிடலாமா?”

இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நீர்த்தேக்கத்துக்காகவோ, மண்சரிவினாலோ, யுத்தத்தினாலோ ஒரு முறை நிலத்தை இழந்த குடும்பங்களுக்கு இவை விளையாட்டான கேள்விகள் அல்ல. எனவே, மலைக்குள் ஒரு பண்ணை வீட்டில் தங்கி ஓய்வெடுப்பது என்றால் என்ன, வருகிறவர் எதற்காகக் காசு கொடுக்கிறார், அந்தக் காசில் எவ்வளவு வீட்டில் தங்குகிறது, எங்கே ஆபத்து இருக்கிறது என்பவற்றை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தனிமையை ஏன் விலைக்கு வாங்குகிறார்கள்?

பட்டணத்தில் வாழ்பவருக்கு இன்று கிடைக்காதவை மூன்று: அமைதி, குளிர்ந்த காற்று, இருண்ட இரவு. கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. வாகன நெரிசலும் புகையும் அங்கே கொழும்புக்குக் குறைந்தவை அல்ல. ஆனால் நகரிலிருந்து மகியங்கனை வீதியில் ஒன்றரை மணி நேரம் சென்று ஹுன்னஸ்கிரியவில் திரும்பினால், அல்லது பன்வில, ரங்கல பக்கமாக ஏறினால், காற்று மாறிவிடுகிறது. தும்பறை மலைத்தொடர் அங்கேதான் எழுந்து நிற்கிறது. விரல்களை மடக்கிய கைமுட்டியைப் போலத் தோன்றியதால் ஆங்கிலேயர் அதற்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டார்கள். அதன் மிக உயர்ந்த சிகரமான கொம்பானிய 1,906 மீற்றர் உயரமானது. 2000 ஆம் ஆண்டில் அது பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

இத்தகைய இடங்களில் தங்கும் பழக்கம் நம் நாட்டுக்குப் புதியதல்ல. அரசாங்க உத்தியோகத்தர்கள் பயணத்தில் தங்கிச் செல்வதற்காக ஆங்கிலேயர் காலத்தில் வாடி வீடுகள் கட்டப்பட்டன. தோட்டத்துரைமார் தமக்கென மலை விளிம்புகளில் பங்களாக்களைக் கட்டிக்கொண்டனர். 1966 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இலங்கை உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்ட பின்னர் கடற்கரை ஹோட்டல்கள் பெருகின. மலைநாட்டுக்கு வந்தவர்கள் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் பார்த்துவிட்டு நுவரெலியாவுக்குச் சென்றுவிடுவார்கள். கிராமத்து வீடொன்றில் தங்கி, அந்த வீட்டார் உண்பதை உண்டு, அவர்களுடைய தோட்டத்தில் நடந்து திரிந்து இரண்டு நாட்களைக் கழிப்பது என்பது பின்னர் வந்த வழக்கம். 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்க உல்லாசப் பயணச் சட்டத்தின் கீழ் உருவான சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை, குடும்ப வீடுகளில் விருந்தாளிகளைத் தங்கவைப்பதையும் ஒரு தனி வகையாகப் பதிவுசெய்கிறது.

ஆகவே இது வெறும் நாகரிக மோகம் அல்ல. உண்மையான ஒரு தேவை. ஆனால் அந்தத் தேவையிலிருந்து யார் பயன் பெறுகிறார்கள் என்பது நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மலை யார் கைக்குப் போனது?

கண்டி மலைகளின் காணி வரலாற்றைச் சுருக்கமாக நினைவுபடுத்துவது நல்லது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமையை எழுத்தில் நிரூபிக்க முடியாத காடும் சேனையும் அரசுக்குரியவை எனக் கொண்டது. அந்த நிலம் கோப்பித் துரைமாருக்கு ஆரம்பத்தில் ஏக்கர் 5 சிலிங் என்ற விலைக்கு விற்கப்பட்டது. 1869 இல் கோப்பிக்கு இலை நோய் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1867 இல், ஹேவாஹெட்டப் பக்கத்திலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி அழிந்த இடமெல்லாம் தேயிலை வந்தது. நிலத்தை இழந்த சிங்களக் கிராமத்தவர் தோட்ட எல்லைகளுக்கு வெளியே ஒதுங்கினர். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் எல்லைக்குள்ளே, லயன் அறைகளில் வைக்கப்பட்டனர். இரு சாராருக்கும் மலை சொந்தமாகவில்லை.

1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசின் கைக்கு மாற்றின. பின்னர் மகாவலித் திட்டம் வந்தது. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணைக்கட்டு 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சர் பங்குபற்றிய விழாவில் திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் தண்ணீருக்குள் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சிலர் மகாவலியின் கீழ்ப் பிரதேசங்களுக்குச் சென்றனர். வேறு சிலருக்கு அருகிலிருந்த பழைய தோட்டங்களில் சிறு துண்டுக் காணி கிடைத்தது. கொத்மலையிலும் இதே கதைதான். அங்கே நீர் வற்றும் காலத்தில் கடதொர விகாரையின் சிதைவுகள் வெளியே தெரியும். ஊர்க்காரர் சென்று பார்த்துவிட்டு வருவார்கள்.

இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி திகன, ரஜவெல்லைப் பக்கங்களில் விடுமுறை வீடுகளும் கோல்ப் மைதானமும் இருக்கின்றன. ஒருவரின் வயலை மூடிய நீர் இன்னொருவருக்கு அழகான காட்சியாகிறது. இதைச் சொல்வது மனக்கசப்பை வளர்ப்பதற்காக அல்ல. காட்சிக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அந்த விலையைப் பெரும்பாலும் காணி உரித்து உள்ளவரே பெறுகிறார் என்பதையும் விளங்கிக்கொள்வதற்காகவே.

இரண்டு நாள் தங்கலில் நடப்பது என்ன?

நாம் பணி நிமித்தம் தும்பறைச் சரிவுகளில் இத்தகைய சில வீடுகளில் தங்கியிருக்கிறோம். அவற்றுள் பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்து செல்ல வேண்டிய ஒரு விவசாயியின் வீடும் உண்டு. மிளகும் கராம்பும் பலாவும் கமுகும் அடுக்கடுக்காக நிற்கும் தோட்டத்தின் நடுவில் பழைய வீடு. அதற்குச் சற்றுக் கீழே, தகரக் கூரையிட்ட இரண்டு அறைகள். தொலைபேசித் தொடர்பு அங்கே கிடைப்பதில்லை. வருபவருக்கு அதுவே ஒரு கவர்ச்சி.

அங்கே விருந்தாளி செய்வது மிகக் குறைவு. காலையில் மூடுபனி விலகுவதைப் பார்க்கிறார். இஞ்சி போட்ட தேநீர் குடிக்கிறார். இடியப்பமும் சொதியும் சம்பலும், அல்லது குரக்கன் ரொட்டியும் கட்டச் சம்பலும் உண்கிறார். வீட்டுக்காரருடன் தோட்டத்தைச் சுற்றி வருகிறார். மிளகுக்கொடி மரத்தில் ஏறுவதையும், சாதிக்காயைச் சிவப்பு வலை போலச் சாதிபத்திரி மூடியிருப்பதையும், கித்துள் பூவைச் சீவிப் பதநீர் எடுப்பதையும் பார்த்து வியக்கிறார். பகலில் பீலித் தண்ணீரில் குளிக்கிறார். மாலையில் பலாக்கொட்டைக் கறியுடன் சோறு. இரவில் தவளைச் சத்தம். மறுநாள் புறப்படும்போது கித்துள் பாணி ஒரு போத்தலும் மிளகு ஒரு பொதியும் வாங்கிச் செல்கிறார்.

நமக்கு இவை அன்றாட வாழ்க்கை. ஆனால் இதன் பின்னால் வீட்டார் செய்யும் வேலை விருந்தாளியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டுத் தாய் விடிய நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுகிறார். படுக்கை விரிப்புகள் மழைக்காலத்தில் காய்வதில்லை. மலசலகூடத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை கழுவ வேண்டும். அட்டை கடித்துப் பயந்தவரைத் தேற்றி, உப்பும் சவர்க்காரமும் கொடுக்க வேண்டும். வாகனத்துடன் வந்த சாரதிக்கும் சாப்பாடும் படுக்கையும் வேண்டும். வழி தவறியவரைத் தேடி இரவில் டோர்ச் லைற்றுடன் வீதிக்கு இறங்க வேண்டும்.

விருந்தாளி எதிர்பார்ப்பவை உண்மையில் எளியவை: சுத்தமான மலசலகூடம், சுத்தமான விரிப்பு, நுளம்பு வலை, குளிருக்கு ஒரு கம்பளி, குடிப்பதற்குக் கொதித்தாறிய நீர், சுடச்சுடச் சாப்பாடு, இரவில் வழுக்காத படிக்கட்டு. குளிரூட்டியும் தொலைக்காட்சியும் தேடி ஒருவரும் ஒரு மணி நேரம் மலை ஏறுவதில்லை. ஆகவே பட்டணத்து ஹோட்டலைப் போலச் செய்ய முயன்று பணத்தை வீணாக்க வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் விலைகளை வைத்து நீங்களே இதைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஓர் அறை, இருவர் ஓர் இரவு தங்கிச் சாப்பிட 6,000 ரூபா. மாதத்தில் எட்டு இரவுகள் ஆட்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வருமானம் 48,000 ரூபா. இனிச் செலவைப் பார்ப்போம். சாப்பாட்டுச் செலவு ஓர் இரவுக்கு 2,200 ரூபா வீதம் 17,600. கழுவுதல், சவர்க்காரம், துப்புரவு 4,000. மின்சாரமும் எரிவாயுவும் 4,500. ஆட்களை அனுப்பும் முகவருக்கு நூற்றுக்கு 15 வீதம் 7,200. கூரை, கட்டில், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைத் திருத்துவதற்கு நூற்றுக்கு 10 வீதம் ஒதுக்கினால் 4,800. எல்லாம் சேர்த்து 38,100 ரூபா. மிச்சம் 9,900 ரூபா மட்டுமே. வீட்டுத் தாயின் உழைப்புக்கு இதில் ஒரு சதமும் கணக்கிடப்படவில்லை.

இதே கணக்கை வேறுவிதமாகப் போடலாம். ஒரு முறை வந்தவர் மறுமுறை நேரே தொலைபேசியில் பேசி வந்தால் முகவரின் 7,200 வீட்டிலேயே நிற்கும். மிச்சம் 17,100 ஆகும். தேங்காய், பலா, ஈரப்பலா, கீரை, முட்டை, பால், மிளகு ஆகியவை சொந்தத் தோட்டத்திலிருந்து வந்து சாப்பாட்டுச் செலவில் பாதி குறைந்தால் மேலும் 8,800 மிஞ்சும். மொத்த மிச்சம் 25,900 ரூபா.

இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 16,000 ரூபா. அது அறையின் அழகிலிருந்து வரவில்லை; தோட்டத்திலிருந்தும் நல்ல பெயரிலிருந்தும் வருகிறது. விருந்தாளிகளை நம்பித் தோட்டத்தைக் கைவிட்ட குடும்பம் தன் இலாபத்தைத் தானே வெட்டிவிடுகிறது. தேங்காயையும் கடையில் வாங்கி, கீரையையும் கடையில் வாங்கி விருந்து வைப்பவர், பட்டணத்துக் கடைக்காரருக்காகவே வேலை செய்கிறார்.

இத்தாலி நாடு இதைச் சட்டமாகவே செய்திருக்கிறது. அங்கே மலைக் கிராமங்களிலிருந்து மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில், 1985 ஆம் ஆண்டு பண்ணை விருந்தோம்பலுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. விவசாயி தன் வீட்டில் அல்லது பண்ணையின் பழைய கட்டடங்களில் விருந்தாளிகளைத் தங்கவைக்கலாம். ஆனால் விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும். விவசாயத்தைக் கைவிட்டு விடுதி மட்டும் நடத்துபவருக்கு அந்தப் பெயரும் சலுகையும் இல்லை. 2006 இல் அந்தச் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோதும் இந்த அடிப்படை மாறவில்லை. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு குடும்பமும் இதைத் தனக்குத்தானே ஒரு விதியாக வைத்துக்கொள்ளலாம்.

கடன் வாங்கிக் கட்டலாமா?

“பதினைந்து இலட்சம் கடன் எடுத்து இரண்டு அறை கட்டினால் மூன்று வருடத்தில் அடைத்துவிடலாம்” என்று சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். நூற்றுக்கு 16 வட்டி என்று வைத்துக்கொண்டால், பதினைந்து இலட்சத்துக்கு வட்டி மட்டும் வருடத்துக்கு 2,40,000 ரூபா. மாதத்துக்கு 20,000 ரூபா. மேலே ஓர் அறைக்குப் போட்ட நல்ல கணக்கின் மிச்சத்தில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். முதலைக் கட்டுவது எப்படி?

இதைவிடப் பெரிய ஆபத்து, ஆட்களே வராத காலம். 2018 இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் இலங்கைக்கு வந்தனர். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு அந்த எண்ணிக்கை சரிந்தது. 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் விமான நிலையமே மூடப்பட்டது. 2021 ஆம் ஆண்டு முழுவதிலும் வந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. 2022 இல் எரிபொருள் இல்லாமல் உள்ளூர்க்காரர்கூடப் பயணம் செய்ய முடியவில்லை. 2024 இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று அடிகள். கடன் வாங்கிக் கட்டியவர்களுக்கு அந்த ஆண்டுகளிலும் வட்டி ஏறிக்கொண்டேயிருந்தது. மிளகும் தேங்காயும் வைத்திருந்தவர்கள் எப்படியோ சாப்பிட்டார்கள்.

ஆகவே எமது ஆலோசனை இது: முதலில் இருப்பதைத் திருத்துங்கள். வெளிநாடு சென்ற மகனின் அறை, பழைய களஞ்சிய அறை ஏதாவது ஒன்றைச் சுத்தமாக்கி, நல்ல மலசலகூடம் ஒன்றை அமைத்துத் தொடங்குங்கள். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து அல்லது ஊற்றிலிருந்து குறைந்தது 15 மீற்றர் தள்ளி, சரிவில் அதற்குக் கீழ்ப்புறமாக இருக்க வேண்டும். ஓராண்டு நடத்திப் பார்த்து, கொப்பியில் எழுதிய கணக்கு சம்மதித்தால் மட்டுமே அடுத்த அறையைப் பற்றி யோசியுங்கள்.

பிள்ளைகள் படிக்கும் அறையை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் குசினியில் படுக்கவைக்கும் வீடுகளையும் நாம் கண்டிருக்கிறோம். ஒரு முறை ஊரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் சொந்த வீட்டுக்குள்ளேயே இன்னொரு முறை இடம்பெயர வேண்டியதில்லை. பிள்ளையின் மேசையும் விளக்கும் இருக்கும் இடம் வாடகைக்கு அல்ல.

மலைச்சரிவு மன்னிப்பதில்லை

காட்சி நன்றாகத் தெரியும் இடம் பெரும்பாலும் செங்குத்தான இடம். செங்குத்தான இடத்தில் மண்ணை வெட்டிச் சமப்படுத்தினால், மேலே இருக்கும் மண்ணைத் தாங்கிய கால் வெட்டப்படுகிறது. நீர் வடிந்தோடும் வழியையும் கட்டடம் அடைத்துவிட்டால், மழை நீர் மண்ணுக்குள் இறங்கி அதைக் கனமாக்குகிறது. பிறகு ஒரு பெருமழை போதும்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்த, மீரியபெத்தையில் லயன் அறைகள் மண்ணுக்குள் புதைந்தன. 2016 மே மாதம் அரநாயக்காவில் மலை இறங்கியது. 2024 ஜூலை 30 ஆம் திகதி கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் ஒரே இரவில் அழிந்தன. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பலர் மாண்டனர். மலைச்சரிவுகளில் கட்டப்படும் உல்லாச விடுதிகளைப் பற்றிய கேள்வி அங்கே அப்போது மீண்டும் எழுந்தது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலின்போது இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிகக் கூடுதலான உயிர்கள் பறிபோனது எமது கண்டி மாவட்டத்திலேயே. இதை வாசிக்கும் சிலருக்கு நாம் இதை நினைவூட்ட வேண்டியதே இல்லை.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்டுவதற்கு முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைப் பெற வேண்டும். இதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளும், உங்களை நம்பி வந்த அந்நியரும் அந்தக் கூரையின் கீழேதான் உறங்கப் போகிறார்கள். அதே நிறுவனம் மழையளவை வைத்து எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் அவதானம். 100 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேறத் தயார். 150 மில்லிமீற்றர், அல்லது ஒரு மணி நேரத்துக்குள் 75 மில்லிமீற்றர் பெய்தால் உடனே வெளியேற வேண்டும். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்து, அடிமட்டம் கொண்டு நீரின் உயரத்தை அளந்தாலே மழையளவை ஓரளவு அறிந்துகொள்ளலாம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று, இறுகிப்போகும் கதவு ஆகியவை மலை தரும் அறிகுறிகள். அத்தகைய நாளில் விருந்தாளி இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு வெளியேற வேண்டும். பெருமழை எதிர்பார்க்கப்படும் நாட்களில் முன்பதிவை இரத்துச் செய்து முற்பணத்தைத் திருப்பிக் கொடுப்பது நட்டமல்ல. அதுவே உங்கள் நற்பெயர்.

காணியைப் பற்றி மூன்று விடயங்கள்

முதலாவது, உங்கள் கையில் இருக்கும் பத்திரம் எது என்று பாருங்கள். குடியேற்றங்களிலும் மகாவலிப் பிரதேசங்களிலும் உள்ள பலருக்கு இருப்பது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம். அது முழு உரிமையுள்ள உறுதி அல்ல. குடியிருக்கவும் பயிர் செய்யவும் கொடுக்கப்பட்ட அந்தக் காணியை நினைத்தபடி விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. 2024 இல் ஆரம்பிக்கப்பட்ட உருமய திட்டம் இத்தகைய பத்திரங்களை முழு உறுதியாக மாற்றிக் கொடுப்பதற்காக வந்தது. உறுதி கிடைப்பது நல்லதுதான். ஆனால் விற்க முடியாத காணி விற்கக்கூடிய காணியாக மாறும்போது, வாங்குகிறவரும் வாசலுக்கு வந்துவிடுகிறார் என்பதை மறக்கக்கூடாது. அறையொன்றை வாடகைக்கு விடுவதற்கும் உங்கள் பத்திரத்தில் இடமுண்டா என்று பிரதேச செயலகத்தில் காணிப் பொறுப்பு உத்தியோகத்தரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள்.

இரண்டாவது, குத்தகை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் செல்லாது. “கம்பனி ஆள் வந்து கடதாசியில் கையொப்பம் வாங்கினார்” என்பது உங்களுக்குப் பாதுகாப்பல்ல. எத்தனை வருடம், ஆண்டுக்கு ஆண்டு தொகை எவ்வளவு கூடும், முடிவில் கட்டடம் யாருக்கு, ஊற்று நீரும் நடைபாதையும் யாருக்கு என்ற நான்கையும் எழுதாத குத்தகையில் கையொப்பமிடாதீர்கள். நீங்கள் நன்றாக வாசிக்கக்கூடிய மொழியில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, விற்பனை. வறுமையும் நோயும் கல்யாணமும் யாரையும் விற்கவைக்கும். விற்றவரை நாம் குறைசொல்ல மாட்டோம். ஆனால் விற்ற பணம் பெரும்பாலும் சில வருடங்களில் கரைந்துவிடுகிறது. பிறகு அதே இடத்தில் கம்பி வேலி வருகிறது; முன்னாள் உரிமையாளர் அந்த வாசலில் காவலாளியாக நிற்கிறார். சில இடங்களில் ஊரார் காலங்காலமாகப் போன பாதையும் பீலியும்கூட வேலிக்குள் போய்விடுகின்றன. விற்றேயாக வேண்டுமானால் ஒரு துண்டை விற்று, வீட்டையும் ஊற்றையும் பாதையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

காணி இல்லாதவர்களுக்கு?

லயன் அறையில் இருப்பவருக்கும் ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டியவருக்கும் விருந்தாளி அறை என்பது எட்டாத விடயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு வீடு தனியாக எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. ஒருவர் அறை கொடுக்க, இன்னொருவர் பால் கொடுக்கலாம். ஒருவர் மரக்கறி, ஒருவர் முச்சக்கர வண்டி, ஒருவர் விரிப்பு கழுவுதல், மலைப்பாதை தெரிந்த இளைஞர் வழிகாட்டுதல் என்று பகிர்ந்துகொள்ளலாம். ஒரே சாலையோரத்து நாலைந்து வீடுகள், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களுமாகச் சேர்ந்து விலையை ஒன்றாக நிர்ணயித்தால், முகவர் ஒருவரை மற்றவருக்கு எதிராக இறக்கி விலையைக் குறைக்க முடியாது. பாதுகாக்கப்பட்ட வனத்துக்குள் செல்வதானால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அங்கிருந்து செடியோ கல்லோ எடுக்கக்கூடாது. வருபவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் போத்தலை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வருமானம் யார் கைக்குப் போகிறது என்பதையும் குடும்பத்துக்குள் பேச வேண்டும். விடிய நான்கு மணிக்கு எழும்புபவர் ஒருவர், காசை எண்ணுபவர் இன்னொருவர் என்றால் அந்தத் தொழில் நீடிக்காது. கணக்குக் கொப்பி மனைவியின் கையிலும் இருக்கட்டும்.

தொடங்குமுன் கேட்க வேண்டியவை

குடும்பமாக இருந்து இந்த ஆறு கேள்விகளுக்கும் பதில் எழுதிப் பாருங்கள்.

1. எமது காணிப் பத்திரம் இதற்கு இடம் கொடுக்கிறதா?
2. சரிவு பாதுகாப்பானதா? பெருமழையில் எங்கே ஓடுவது?
3. ஆறு மாதம் ஒருவரும் வராவிட்டால் எதைச் சாப்பிடுவோம்?
4. வறட்சி மாதத்திலும் எமக்கும் விருந்தாளிக்கும் தண்ணீர் போதுமா?
5. மேலதிக வேலை யார் தலையில் விழும்? அவருக்கு என்ன பங்கு?
6. பிள்ளைகளின் படிப்புக்கும் உறக்கத்துக்கும் இடம் இருக்கிறதா?

ஆறுக்கும் நல்ல பதில் இருந்தால் தொடங்கலாம். வருபவரின் பெயரையும் முகவரியையும் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிரதேச சபையிலும் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையிலும் பதிவு பற்றிக் கேட்டறியுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அறைக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் மிளகுக்கொடிகளை நடுங்கள். ஓர் ஆட்டையோ பத்துக் கோழிகளையோ வாங்குங்கள். மலையும் காட்சியும் எங்கும் ஓடிப்போவதில்லை. தோட்டம் பசுமையாக இருக்கும் வரை விருந்தாளி இன்று வராவிட்டாலும் நாளை வருவார். அவர் வராத நாளிலும் அடுப்பு எரியும்.